அத்தையின் மொட்டை மாடி

என் அத்தை ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் எந்த நேரத்தில் விமானம் எந்தப் பக்கத்திலிருந்து இறங்கும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் வீடு பம்மலில், மீனம்பாக்கம் ஓடுதளத்துக்கு மேற்கே இருந்தது. விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எங்கள் தெரு வழக்கம். அத்தை மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். எட்டாவதோடு படிப்பு நின்றவர். கல்யாணமான மூன்றாம் வருஷமே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவர். அண்ணன் வீட்டில் அவருக்கென்று இருந்தவை அடுப்படியும் மொட்டை மாடியும்தான்.

சித்திரை வெயிலில் வடகம் பிழிவது அவர் வேலை. காக்காய் விரட்டுவது என் வேலை. அப்படி ஒருநாள் சொன்னார்: "காலைல எல்லாம் நம்ம தலைக்கு மேல ஏறிப் போகுது பாரு. மத்தியானம் கடல் காத்து வந்துட்டா அதே வழியா இறங்கி வருது. எப்பவும் காத்துக்கு மூஞ்சியக் காட்டித்தான்டி போகும், வரும்."

வடகத் துணி பறக்காமலிருக்க ஓரத்தில் கல் வைக்க வேண்டும். காற்று எப்போது திரும்பும் என்று கவனிக்கப் போய், விமானங்களின் பழக்கத்தையும் கண்டுபிடித்திருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து வருஷம் கழித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் வகுப்பில் அதையே கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள். இறக்கையைத் தூக்குவது அதன்மேல் பாயும் காற்றின் வேகம். எதிர்காற்று இருந்தால் குறைந்த தூரத்திலேயே எழும்பலாம், இறங்கி நிற்கலாம். நான் குறிப்பு எடுக்கவில்லை. எனக்குத்தான் முன்பே தெரியுமே.

அந்தக் கல்லூரி 1949இல் தொடங்கப்பட்டது. அத்தை பிறந்ததும் அந்த வருஷம்தான். பக்கத்து ஊரிலேயே இருந்தும் அவர் அதன் வாசலை மிதித்ததில்லை.

இந்தியப் பெண் விமானிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். 1936இல், 21 வயதில், புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டினார் சரளா தக்ரால். 1949இல் பெங்களூரு ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் தேறினார் உஷா சுந்தரம். இருவரின் துணிச்சலையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இருவர் வீட்டிலும் விமானி ஒருவர் இருந்தார், கணவராக. வானத்துக்குப் போகிற பாதை அவர்கள் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கியது. என் அத்தைக்கு இருந்தது மாடிப்படி மட்டும்.

வீட்டில் அத்தையின் ஆசைக்குப் பெயர் கிறுக்கு. "மேல ஏறினதும் அந்தச் சக்கரம் எங்க போகுது?" என்று ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். "உன் வடகச் சட்டிக்குள்ள" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அது நல்ல கேள்வி என்று எனக்குப் புரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன்.

சிரித்ததைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. வேலைக்குப் போன முதல் வருஷம் டெல்லிக்கு மூன்று டிக்கெட் எடுத்தேன்: அப்பா, அம்மா, நான். நான்காவது டிக்கெட்டுக்கும் பணம் இருந்தது. "வீட்டைப் பாத்துக்க ஆள் வேணாமா?" என்றார் அப்பா. நான் மறுபேச்சுப் பேசவில்லை. வீடென்றால் அத்தை இருப்பார் என்று நானும் பழகியிருந்தேன்.

அத்தை கோபப்படவில்லை. "விடியக்காலை வண்டிதானே? மே மாசம், நம்ம வீட்டுக்கு மேலதான் ஏறும். மாடியில குண்டு பல்பைப் போட்டு வைக்கிறேன், பாரு" என்றார்.

ஜன்னலோரம் அம்மாவை உட்காரவைத்தேன். அம்மாவுக்கு பெல்ட் மாட்டிவிட்டு, பயப்படாதே என்று சொல்லி முடிப்பதற்குள் பம்மல் பின்னால் போய்விட்டது. பல்பு எனக்கு நினைவுக்கு வந்தது டெல்லியில்.

திரும்பி வந்ததும் அத்தை கேட்டார்: "தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தை."

அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வருஷம் தை மாதம் இறந்துபோனார். அந்தப் பொய்யைத் திருத்த எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது நான் இதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். எதிர்காற்றைப் பற்றிச் சொல்லும் நாளில், "இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வடகம் காயப்போட்ட என் அத்தை" என்று சொல்லித்தான் தொடங்குவேன். சில பெண்கள் சிரிப்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது எதையாவது இப்படிக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகும். பிறகு ஒரு கை உயரும். ஆயாவைப் பற்றியோ பெரியம்மாவைப் பற்றியோ ஒரு கதை வரும். அன்று பாடம் முடியாது.

மே மாதக் காலை விமானம் என்றால் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்குகிறேன். பழைய வீடு இடிந்து அடுக்குமாடி வந்துவிட்டது. எழும்பிய சில நொடிகளில் கீழே நூறு மாடிகள் ஓடி மறைகின்றன. எங்கள் மாடி இருந்த இடம் எது என்று எனக்கு அடையாளம் தெரிவதில்லை. இருந்தும் பார்க்கிறேன்.