சுவரில் ஒரு தேசப்படம்

கால்கள் போக முடியாத இடங்களுக்கெல்லாம் மனிதனின் மனம் போய் வந்துவிடுகிறது. அதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை, கப்பற்கட்டணமும் வேண்டியதில்லை. ஒரு புத்தகம் போதும். அதுவும் கிட்டாவிடில் ஒரு பழைய பத்திரிகை போதும். இவ்வாறு இளமையில் நாம் மனத்தால் குடியிருந்த நாடு பிரான்சு. இன்றுவரை அம்மண்ணை நாம் மிதித்ததில்லை.

நாம் பிறந்தது தென்னார்க்காட்டில், மல்லாட்டை விளையும் ஒரு செம்மண் சிற்றூரில். 1960களின் தொடக்கத்தில் நம் பங்கை நடத்தியவர் பாரிசு வேதபோதக சபையைச் சேர்ந்த முதிய பிரெஞ்சுக் குருவானவர். 1776ஆம் ஆண்டில் புதுவைப் பகுதியின் மறைப்பணியை ஏற்றுக்கொண்ட சபை அது. அவருக்குத் தாய்நாட்டிலிருந்து 'லெ பெலரேன்' என்னும் கத்தோலிக்க வார இதழ் கப்பல் தபாலில் தாமதமாக வந்து சேரும். 'திருப்பயணி' என்று பொருள்படும் அவ்விதழ் 1873இல் தொடங்கப்பெற்றது. படித்து முடித்தவற்றைச் சாமியார் வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைப்பார். அவரிடம் கற்ற அரைகுறைப் பிரெஞ்சு மொழியைத் துணைக்கொண்டு நாம் அவற்றைப் புரட்டுவோம். மொழி கைவிட்ட இடத்தில் படங்கள் கைகொடுத்தன.

பனி போர்த்த கூரைகள். கிறிஸ்து பிறப்பு இரவில் விளக்கேந்தி ஆலயம் செல்லும் குடும்பங்கள். நீண்ட ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி வீடு திரும்பும் முதியவர். லூர்து நகரின் மெழுகுதிரிப் பவனி. இவையே நம் கனவின் காட்சிகள். விக்டர் யூகோவின் பெருங்கதையைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்திருந்தார். திருடிச் சென்றவனுக்கு வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய அந்த ஆயர், நமக்கு உறவினர்போல் ஆகிவிட்டார்.

கனவு முற்றியது. கேழ்வரகுக் கூழைக் குடிக்கும்போது அதனைப் பிரெஞ்சுக் குடியானவர் வீட்டுச் சூப்பாக எண்ணிக் கண்ணை மூடிக்கொள்வோம். "உப்பு பத்தலையா ராசா?" என்பார் அம்மா. நாம் மறுமொழி கூறமாட்டோம்.

படுக்கைக்கு மேலே சுவரில் பிரான்சு நாட்டின் தேசப்படம் ஒன்றை வரைந்து ஒட்டி வைத்திருந்தோம். வீடு மந்திரிக்க வந்த சாமியார் அதைக் கண்டு நின்றார். பின்னர் அமர்ந்து ஒரு செய்தி சொன்னார்.

லிசியே நகரத்துச் சிறுமலர் புனித தெரேசம்மாள் 1888இல் தம் 15ஆம் வயதில் கார்மேல் மடம் புகுந்தவர். 1897இல் 24ஆம் வயதில் மரிக்கும்வரை அம்மடத்தை விட்டு வெளியேறாதவர். சீனாவின் செச்சுவான் பகுதிக்குச் சென்ற இளங்குரு ஒருவருக்காகச் செபிக்கும் பொறுப்பு 1896இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குரு அனுப்பிய செச்சுவான் தேசப்படத்தைத் தாம் வேலை செய்யும் இடத்துச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டார் தெரேசம்மாள். மடத்தை விட்டு எங்கும் போகாத அவரையே திருச்சபை 1927இல் மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலியாக அறிவித்தது.

"அவர் தம் சுவரைப் பார்த்துச் செபித்தார். நீ உன் சுவரைப் பார்த்து என்ன செய்கிறாய், தம்பி?" என்று கேட்டுவிட்டுச் சாமியார் போய்விட்டார். அக்கேள்வி அப்போது நமக்கு உறைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஓர் இதழின் நடுப்பக்கத்தில் வண்ணப்படம் ஒன்று வந்தது. 1857க்கும் 1859க்கும் இடையில் மில்லே என்னும் ஓவியர் தீட்டிய 'மூவேளைச் செபம்' அது. உருளைக்கிழங்கு தோண்டும் வயல், அந்தி நேரம், தொலைவில் ஆலயக் கோபுரம். மண்ணில் குத்தி நிறுத்திய முள்கரண்டிக் கருவி ஒருபுறம், கூடை நடுவே, சாக்கு ஏற்றிய கைவண்டி மறுபுறம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கணவன் நிற்கிறான். கைகளை மார்பில் சேர்த்து மனைவி தலைகுனிந்து நிற்கிறாள். சாமியாரிடம் கேட்டு அதைப் பெற்று, சோற்றுப் பசை தடவித் தேசப்படத்தின் அருகே ஒட்டினோம்.

மல்லாட்டை பிடுங்கிவிட்டு வந்த அம்மா, கைமண்ணைத் துடைத்தபடி அதை வெகுநேரம் பார்த்தார்.

"யாருப்பா இவங்க?"

"பிரான்சு தேசத்துக் குடியானவங்க, அம்மா. கோயில் மணி கேட்டுச் செபம் சொல்றாங்க."

"நாங்களும் அப்படித்தானேப்பா நிக்கிறோம்?"

நாம் சிரித்தோம். "அது வேறே, இது வேறே அம்மா" என்றோம். அம்மா ஒன்றும் பேசவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தச் சிரிப்பைத் திரும்பப் பெற முடியுமானால் நம்மிடமுள்ள புத்தகங்கள் அனைத்தையும் கொடுத்துவிடுவோம்.

காலம் ஓடியது. வேலையின் பொருட்டு ஊரை விட்டு வெளியேறினோம். 1978இல் அம்மா இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்து சில நாட்கள் சென்றிருக்கும். அறுவடைக் காலமாதலால் அப்பா கொல்லைக்குப் போய்விட்டார். அவரைத் தேடி நாமும் போனோம். பொழுது சாய்ந்தது. ஆலய மணி ஒலித்தது. அப்பா கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார். முண்டாசை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். தலை குனிந்து நின்றார். அவருக்கு எதிரே மல்லாட்டைக் கூடை இருந்தது. கூடைக்கு அப்பால் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் கைகூப்பி நிற்க வேண்டியவர் இல்லை.

நம் சுவரில் இருந்த படம் அப்போதுதான் நமக்குத் தெரிந்தது.

பின்னர் மில்லேயின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1814இல் நார்மண்டிக் கடற்கரையிலுள்ள குருஷி என்னும் குக்கிராமத்தில் உழவர் குடியில் பிறந்தவர் அவர். பாரிசு நகருக்கு அருகிலுள்ள பார்பிசோன் கிராமத்தில் வறுமையோடு போராடி வாழ்ந்து 1875இல் மறைந்தார். வயலில் வேலை செய்யும்போது ஆலய மணி கேட்டால் தம் பாட்டி வேலையை நிறுத்தச் செய்து, இறந்தவர்களுக்காகச் செபிக்க வைத்ததை நினைவுகூர்ந்தே இப்படத்தை வரைந்ததாக அவர் எழுதியிருக்கிறார். நாம் ஏங்கிய பிரான்சு, ஒரு பேரன் தன் வீட்டை நினைத்து வரைந்த படமே. அவர் தம் பாட்டியை மறக்கவில்லை. நாமோ கண்ணெதிரே நின்ற தாயைக் காணவில்லை.

அம்முதிய சாமியாரும் இன்று நம்மூர்க் கல்லறைத் தோட்டத்திலேயே உறங்குகிறார். நாம் ஏங்கிய நாட்டை விட்டுவிட்டு, நாம் இளக்காரமாய் எண்ணிய ஊரைத் தேடி வந்து, அதன் மண்ணையே தமதாக்கிக்கொண்டவர் அவர்.

அவருடைய கேள்விக்கு இப்போது நம்மிடம் ஒரு மறுமொழி உண்டு. அவர் விட்டுவந்த நாட்டின் சிற்றூர்களில் இன்று திருப்பலிக்கு வருவோர் சிலரே. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் சென்ற குருக்கள் அங்குப் பங்குப்பணி ஆற்றுகிறார்கள். எனவே மாலை மணி ஒலிக்கையில் நாம் அம்மாவுக்காகவும் அப்பாவுக்காகவும் செபிக்கிறோம். பின்னர் அந்தச் சாமியாருக்காகவும், அவரை நமக்குத் தந்த நாட்டுக்காகவும் செபிக்கிறோம்.

அன்பார்ந்த பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் புத்தகங்களில் தொலைநாடுகளைக் கனவு கண்டால் தடுக்காதீர்கள், அக்கனவு நல்லதே. ஆனால் மாலை மணி ஒலிக்கும்போது அவர்களை அருகே அழைத்து, உங்களோடு நிற்கச் சொல்லுங்கள்.