முகமூடி யாருக்குச் சொந்தம்?

குதிரைப் படங்கள் என்றால் எனக்கு இந்த வயதிலும் ஒரு பலவீனம் உண்டு. கௌபாய் தொப்பியும், இடுப்பில் துப்பாக்கியும், பின்னால் கிளம்பும் செம்மண் புழுதியும் திரையில் தெரிந்துவிட்டால் போதும். கையில் இருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். 1969-இல் வெளிவந்த ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படத்தை நான் மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு, மண்ணெண்ணெய் வாங்குவதற்காக வீட்டில் கொடுத்தனுப்பிய காசு. இதை இப்போது ஒப்புக்கொள்வதில் ஆபத்து ஒன்றுமில்லை.

என்னுடைய இந்தப் பலவீனம் என் தம்பி மகனுக்கும் எப்படியோ தொற்றிக்கொண்டது. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லோன் ரேஞ்சர்’ படத்தை எனக்கு வீட்டிலேயே போட்டுக் காட்டினான். பணத்தைத் தண்ணீராய் இறைத்து எடுத்த படம். போட்ட பணம் திரும்பவில்லை.

“பெரியப்பா, இந்தப் படத்தைப் பார்த்துட்டுப் பழைய ரசிகர்கள் எல்லாம் கொதிச்சுப் போயிட்டாங்க, தெரியுமா?” என்றான்.

“எதுக்குடா கொதிக்கணும்? பழசையே பூஜை பண்ணிக்கொண்டிருந்தால் புதுசு எப்படி வரும்?” என்றேன்.

விவாதம் என்று வந்துவிட்டால் நான் புதுமையின் கட்சி. அந்தக் கட்சிக்கு ஆதாரமும் கையில் வைத்திருந்தேன். 1960-இல் வந்த ‘மாக்னிஃபிஸென்ட் செவன்’ என்ற படத்தை அமெரிக்க ரசிகர்கள் தங்கள் குலசொத்தாகக் கொண்டாடுகிறார்கள். அதையே 2016-இல் மறுபடி எடுத்தபோது, ‘மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று பலர் புலம்பினார்கள். மூலம் எது? ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசாவா 1954-இல் எடுத்த ‘செவன் சாமுராய்’ அல்லவா? வாளை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். சாமுராய் கௌபாய் ஆகிவிட்டான். கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்குப் பூர்வீகம் பேசலாமா?

தம்பி மகன் பதில் பேசவில்லை. எழுந்து போய் அந்த முகமூடி வீரனின் பழைய டெலிவிஷன் தொடரில் இரண்டு பகுதிகளைப் போட்டான். பிறகு, அந்த வேஷத்தைப் போட்ட நடிகரின் கதையைச் சொல்லத் தொடங்கினான். அவன் சொல்லி முடித்தபோது என் கட்சியில் நான் பாதிதான் மிச்சமிருந்தேன். மற்றதை நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

லோன் ரேஞ்சர் பிறந்தது சினிமாவில் அல்ல. 1933-இல், டெட்ராய்ட் நகரத்து வானொலி நிலையம் ஒன்றில். டெக்ஸாஸ் காவல் வீரர்கள் ஆறு பேர் ஒரு பள்ளத்தாக்கில் சதிகாரர்களிடம் சிக்கிக்கொள்கிறார்கள். ஐந்து பேர் மாண்டுபோகிறார்கள். குற்றுயிராய்க் கிடந்த ஒருவனை டோண்டோ என்ற செவ்விந்தியன் காப்பாற்றுகிறான். இறந்தவர்களில் ஒருவன் அவனுடைய சொந்த அண்ணன். அந்த அண்ணனின் சட்டைக்குமேல் போட்டிருந்த அங்கியைக் கத்தரித்துத்தான் முகமூடி செய்துகொள்கிறான். ஆக, அது திருடன் போடும் முகமூடியல்ல; துக்கத்தின் துணி. துப்பாக்கியால் எதிரியின் கையைச் சுடுவானே தவிர, உயிரை வாங்குவதற்காகச் சுடமாட்டான் என்பது அவன் விரதம்.

வானொலியில் அவனுக்குக் குரல் கொடுத்து வந்த நடிகர் 1941-இல் கார் விபத்தில் இறந்துபோனார். நிலையத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? கதையில் ரேஞ்சர் பலத்த காயம் பட்டுவிட்டதாக வைத்தார்கள். சில நாட்கள் அவனால் வாய்விட்டுப் பேச முடியவில்லை. ரகசியக் குரலில் இரண்டொரு வார்த்தைதான். அதன் பிறகு அவன் குணமடைந்து பேசியபோது, புதிய நடிகரின் குரல் ஒலித்தது. கேட்பவர்களுக்கு ஆள் மாறியது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருக்கும். ஆனாலும் தங்களுடைய வருத்தத்துக்கு நாலு நாள் அவகாசம் கொடுத்தார்களே என்று ஏற்றுக்கொண்டார்கள்.

1949-இல் அந்த வீரன் டெலிவிஷனுக்கு வந்தான். வேஷத்தைப் போட்டவர் கிளேட்டன் மூர். டோண்டோவாக வந்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ். கனடாவில் பிறந்த மோஹாக் இனத்தவர். ரொஸ்ஸினியின் ‘வில்லியம் டெல்’ இசை முழங்க, வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும். தொடர் 1957-இல் முடிந்தது. மூருக்கு மட்டும் அது முடியவில்லை. கடைத் திறப்பு விழா, கண்காட்சி என்று எங்கே கூப்பிட்டாலும் முகமூடியோடு போய் நின்றார். அந்த வீரனின் ஒழுக்கத்தைத் தம்முடைய ஒழுக்கமாகவே வைத்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி ஓடிற்று.

பாத்திரத்தின் உரிமையை விலை கொடுத்து வாங்கியிருந்தவர்கள் புதிதாக ஒரு படம் எடுக்க நினைத்தார்கள். அதற்கு இளைஞன் ஒருவன் வேண்டும். கிழவர் ஊர் ஊராக முகமூடியோடு போய்க்கொண்டிருந்தால் ஜனங்கள் குழம்பிப்போவார்கள் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 1979-இல் தீர்ப்பு வந்தது. 65 வயதை நெருங்கிக்கொண்டிருந்த மூர் இனிமேல் பொது இடங்களில் அந்த முகமூடியைப் போடக் கூடாது!

மூர் கோர்ட்டை மீறவில்லை. முகமூடியைக் கழற்றினார். அதற்குப் பதிலாகக் கிட்டத்தட்ட அதே வடிவத்தில் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழையபடி ஜனங்களைப் பார்க்கப் போனார். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். 1981-இல் புதுப் படம் வெளிவந்தது. கதாநாயகனாக வந்த புதுமுகத்தின் குரல் பிடிக்காமல், வேறு நடிகரைக் கொண்டு குரல் கொடுக்கச் செய்திருந்தார்கள். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, முகமூடியோ கிழவரிடமிருந்து பறித்தது! படம் படுதோல்வி. 1984-இல் தடை நீங்கிற்று. மூர் மறுபடி முகமூடி அணிந்தார். ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதித்து நடிகர்களின் பெயரைப் பொறிப்பார்கள் அல்லவா? 1987-இல் அங்கே அவருக்கு வைத்த நட்சத்திரத்தில் அவர் பெயரோடு லோன் ரேஞ்சரின் பெயரும் இருக்கிறது. 1999-இல் தம்முடைய 85-வது வயதில் அவர் காலமானார்.

இதைக் கேட்ட பிறகு, ரசிகர்கள் புதுமைக்கு விரோதிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் விரோதிகள் அல்லர் என்பதற்கு வேறொரு சாட்சியும் உண்டு.

‘ட்ரூ கிரிட்’ என்று ஒரு நாவல். சார்லஸ் போர்ட்டிஸ் எழுதி 1968-இல் வெளிவந்தது. தகப்பனைக் கொன்றவனைப் பிடிக்க, குடிகாரனான ஒற்றைக்கண் மார்ஷலைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு புறப்படுகிறாள் 14 வயதுப் பெண் ஒருத்தி. மறு வருஷமே படமாயிற்று. அந்த மார்ஷல் வேஷத்துக்காகத்தான் ஜான் வேனுக்கு, வாழ்நாளிலேயே ஒரே ஒரு தடவை, ஆஸ்கார் பரிசு கிடைத்தது. இப்படிப்பட்ட படத்தின்மேல் கைவைத்தால் ரசிகர்கள் விடுவார்களா? 2010-இல் கோயன் சகோதரர்கள் கைவைத்தார்கள். ஜெஃப் பிரிட்ஜஸ் கறுப்புத் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டார். படம் அமோகமாக ஓடிற்று.

காரணம் என்ன? பழைய படத்தில் அந்தப் பெண் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு பிழைத்துவிடுகிறாள்; கிழட்டு மார்ஷல் குதிரையில் வேலியைத் தாண்டிக் காட்டிவிட்டுப் போகிறார்; நாமும் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறோம். நாவலில் அப்படியில்லை. பாம்புக் கடியில் அவள் ஒரு கையையே இழக்கிறாள். புதிய படம் அதை ஒளிக்கவில்லை. கை போனவளாக, கலியாணம் ஆகாதவளாக, பல வருஷம் கழித்து அவள் அந்த மார்ஷலைத் தேடிக்கொண்டு வருகிறாள். வேலி தாண்டும் குதிரை போய்விட்டது. ஆனால் அந்த வீரத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது வந்துவிட்டது. ஜனங்கள் அதைப் புரிந்துகொண்டார்கள்.

2013-ஆம் ஆண்டு லோன் ரேஞ்சர் என்ன செய்தான்? தடுமாறுகிறான், அசடு வழிகிறான். கடைசியில் குதிரையை முன்னங்கால் தூக்க வைத்து அந்தப் பிரசித்தமான கூவலைக் கூவுகிறான். இனிமேல் இந்தக் காரியமே செய்யாதே என்று டோண்டோ கண்டிக்கிறான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கூவலைக் கேட்டுச் சிறு வயதில் தலையணைமேல் குதிரைச் சவாரி செய்தவன் சிரிப்பானா? அதே படத்தில், ரயில் துரத்தும் கட்டத்தில் வில்லியம் டெல் இசை எழும்பியபோது, என் கால் தானாகத் தாளம் போட்டது. படம் எடுத்தவர்களும் அந்தப் பத்து நிமிஷம் தங்கள் வீரனை நம்பியிருக்கவேண்டும்.

ரசிகர்கள் கட்சியிலும் குற்றம் உண்டு. பழைய தொடரை நினைத்து உருகுகிறவர்கள், அதில் டோண்டோ எப்படிப் பேசினான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ரேஞ்சர் இலக்கணமாகப் பேசுவான். டோண்டோ உடைந்த இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்லித் தலையாட்டுவான். அதைப் பேசிய சில்வர்ஹீல்ஸ் நன்றாகப் படிக்கவும் பேசவும் தெரிந்த மனிதர். பின்னால் லாஸ் ஏஞ்சல்ஸில் செவ்விந்திய நடிகர்களுக்குப் பயிற்சி தர ஏற்பாடு செய்தவர். அந்த அநியாயத்தை மாற்றத்தான் வேண்டும். 2013-இல் மாற்ற வந்தவர்கள், டோண்டோவைப் பெரிய பாத்திரமாக்கி, தலையில் செத்த காகத்தைக் கவிழ்த்து, வேஷத்தை ஜானி டெப்பிடம் கொடுத்தார்கள்! அரை நூற்றாண்டுக்கு முன்னமே செவ்விந்தியர் ஒருவர் ஏற்ற வேஷம் அது.

இவ்வளவும் ஊரார் கதை. என் கதை ஒன்றும் இருக்கிறது; அதைச் சொல்லாமல் முடித்தால் நேர்மையாகாது.

பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். அதன் நாயகன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வளைந்து கொடுக்காத மனிதர். வாசகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ‘அவரையே வைத்து இன்னொன்று எழுதுங்கள், ஆனால் புதுசாக ஏதாவது செய்யுங்கள்’ என்று பத்திரிகையில் கேட்டார்கள். எனக்கும் அலுப்பு. வாத்தியாரை லஞ்சம் வாங்க வைத்தேன். ‘துணிச்சல்’ என்று இரண்டு பேர் பாராட்டி எழுதினார்கள்.

அப்புறம் திருச்சிக்கு ரயிலில் போகும்போது, எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“எங்க வாத்தியாரை ஏன் சார் அப்படிப் பண்ணினீங்க?” என்றார்.

“மனுஷன்னா மாறக் கூடாதா அம்மா?” என்று கேட்டேன்.

“மாறட்டும் சார். எங்க வீட்டுக்காரர்கூட மாறித்தான் போனார். பணத்தை வாங்கிட்டு வந்த அன்னைக்கு ராத்திரி அவர் சாப்பிடலை. உங்க வாத்தியார் நல்லா சாப்பிட்டுட்டுத் தூங்கறாரே!”

அதற்குமேல் அந்த அம்மாள் பேசவில்லை. விழுப்புரம் வந்ததும் எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கினார். காசு கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்.

சட்டப்படி வாத்தியார் எனக்குச் சொந்தம். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. ஆனால் நான் அவரை மறந்துவிட்டு வேறு கதைகளுக்குப் போன வருஷங்களில் எல்லாம், அவருக்குச் சோறு போட்டு வைத்திருந்தது அந்த அம்மாள்தான். புத்தகமாக வந்தபோது வாத்தியாரின் அந்த ராத்திரியை உட்கார்ந்து திருப்பி எழுதினேன். லஞ்சத்தை எடுத்துவிடவில்லை. சாப்பாட்டை மட்டும் எடுத்துவிட்டேன்.

அந்தப் புத்தகத்தை அவருக்கு அனுப்பலாம் என்றால் விலாசம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்கேயாவது வாங்கிப் படித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.