முயல் படம் போட்ட மிட்டாய்



2008 செப்டம்பர் மாத இறுதி. சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில் மெலமின் கலந்த செய்தி நாளேடுகளை நிறைத்திருந்தது. அங்கே ஆறு குழந்தைகள் மாண்டன. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. நம் சுகாதார அமைச்சும் சீனப் பால் பொருள்களுக்குத் தடை விதித்தது. முயல் படம் போட்ட பால் மிட்டாயிலும் மெலமின் இருப்பதாகச் சிங்கப்பூர் கண்டறிந்தது.

பள்ளிச் சிற்றுண்டிச் சாலைத் தட்டுகள் செய்யப்படும் அதே மெலமின்தான். பாலில் நீர் கலந்தால் புரதம் குறையும். புரதத்தையோ அதிலுள்ள நைட்ரஜனைக் கொண்டே வழக்கமாகக் கணக்கிடுவர். மெலமினில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஏமாற்றுவதற்கு அது போதுமாயிருந்தது.

அவ்வாரம் என் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் பிறந்தநாளுக்காக அதே மிட்டாயைக் கொண்டுவந்தான். நான் பணியில் சேர்ந்த புதிது. பதறிப்போய், "யாரும் சாப்பிடாதீங்க, விஷம்!" என்று கத்திவிட்டேன். ஒவ்வொரு கையிலிருந்தும் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவன் அழவில்லை, காலியான பையை மட்டும் மடித்து வைத்துக்கொண்டான். ஓய்வு நேரத்திற்குள் அவனுக்கு 'விஷ மிட்டாய்' என்ற பெயர் விழுந்துவிட்டது.

மூன்று நாள் அவன் வரவில்லை. கிள்ளானில் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். இரவுச் சந்தையில் அதை வாங்கியவர் பாட்டி. "எனக்குப் பேப்பர் படிக்கத் தெரியாதும்மா. பிள்ளைங்க யாராச்சும் தின்னுடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். நான் சொல்லத் தயாரித்துச் சென்ற விளக்கங்கள் எல்லாம் மறந்துபோயின.

நம் 1983 உணவுச் சட்டப்படி, அதிகாரிகள் ஐயத்திற்குரிய உணவைக் கைப்பற்றலாம், முத்திரையிடலாம், மாதிரியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். கடைக்காரரின் சரக்குக்கே இத்தனை படிகள். ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மிட்டாயைத் தடுத்தது சரியே, இன்றும் தடுப்பேன். ஆனால் அவனைத் தனியே அழைத்துப் பேசியிருக்கலாம். மறுநாள் வகுப்பில், தவறு அவனுடையதன்று என்று கூறி மன்னிப்புக் கேட்டேன். பட்டப்பெயர் மறைய அதற்குப் பின்னும் சில வாரங்கள் ஆயின.

அடுத்த ஆண்டு அவன் வேறு வகுப்பு. பிறந்தநாளன்று ஆசிரியர் அறைக்கு வந்தான். கையில் கச்சாங் பூத்தே பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்து என் மேசைமீது வைத்து, "டீச்சர், நீங்க பார்த்துச் சொன்ன பிறகு கொடுக்கிறேன்" என்றான்.