கதியா, வேகமா?

2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக்கிடந்த காலம். ஊரடங்கு தளர்ந்த பிறகு, எங்கட ஒழுங்கையில் இருந்த பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் நாலுபேர் சேர்ந்து விஞ்ஞானம் சொல்லிக் குடுத்தனாங்கள்.

ஒருநாள் ஒரு கணக்குக் குடுத்தம். 400 மீற்றர் ஓடுபாதையை ஒருவன் 80 செக்கனில் சுற்றி, தொடங்கின இடத்துக்கே வாறான். சராசரிக் கதி எவ்வளவு, சராசரி வேகம் எவ்வளவு?

ஒரு தம்பி, வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் எண்டு எழுதினான். கதிக்கு நேரே ஒண்டுமில்லை. நாங்கள் சிவப்புப் பேனையால வெட்டினம். "இடப்பெயர்ச்சி பூச்சியம், அப்ப வேகமும் பூச்சியம்தானே. இதுகூடத் தெரியாதோ?"

அவன் தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னான்: "கதி எண்டா என்னண்டு விளங்கேல்லை அண்ணா. திசைவேகம் எண்டு கேட்டிருந்தா பூச்சியம் எண்டுதான் எழுதியிருப்பன்."

அந்த மாதங்களில் அவன் படிச்சது தொலைபேசியில், தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகளில். எங்கட கதி அங்க வேகம். எங்கட வேகம் அங்க திசைவேகம். ஆர்முடுகல் அங்க முடுக்கம். எல்லாத்திலும் பெரிய சிக்கல் நிறை: எங்களுக்கு அது பூமி பொருளை இழுக்கிற விசை, அவர்களுக்கு அது எங்கட திணிவு. நியூட்டனின் இரண்டாம் விதி இங்க 'விசை = திணிவு × ஆர்முடுகல்', அங்க 'விசை = நிறை × முடுக்கம்'. விதி ஒண்டுதான். ஆனால் அந்த வரியை எங்கட சொற்களை வைச்சு வாசிச்சால் பிழையாகத்தான் தெரியும்.

உண்மையைச் சொன்னால், 'கதி எண்ணிக்கணியம், வேகம் காவிக்கணியம்' எண்டு நாங்கள் அந்த வயசில் பாடமாக்கினது மட்டும்தான். சுற்றி ஓடி வந்தவனுக்கு ஏன் வேகம் பூச்சியம் எண்டு கேட்டிருந்தால் முழிச்சிருப்பம். அவனுக்கு அது விளங்கியிருந்தது. எங்கட சொல்தான் தெரியேல்லை.

அவனிட்ட மன்னிப்புக் கேட்டம். பரீட்சைத்தாள் எங்கட பாடப்புத்தகச் சொல்லைத்தான் கேட்கும் எண்டபடியால் அதையும் சொல்லிக் குடுத்தம். இரண்டு நாட்டுச் சொற்களையும் பக்கம் பக்கமாக ஒரு மட்டையில் எழுதி சுவரில ஒட்டினது அவன்தான். அதுக்குப் பிறகு பேனையை எடுக்க முதல் நாங்கள் ஒரு கேள்வி கேட்கப் பழகினம்: "தம்பி, திசையையும் சேர்த்தா சொல்லுறாய்?"