கொல்லிமலை ஏறினால் கோபித்துக்கொள்ளும் கார்!

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்துவிட்டால் சமவெளி முடிந்துவிடும். அங்கிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுதான். அதற்கே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. கொல்லிமலையில் மனிதர்களைவிட அதிகம் சோதிக்கப்படுவது கியர் பாக்ஸ். மூன்று, இரண்டு, ஒன்று, மறுபடி இரண்டு... பஸ் ஓட்டுநரின் இடது கைக்கு ஓய்வே கிடையாது.

அந்த இடது கையின் வேலையைக் கம்ப்யூட்டர் செய்யும் கார்கள் இப்போது மலைக்கு நிறைய வருகின்றன. அவற்றில் வேகப் பிரியர்கள் கொண்டாடுவது 'டூயல் கிளட்ச்' வகை. ஒரு கிளட்ச் 1, 3, 5 ஆகிய கியர்களுக்கு. இன்னொன்று 2, 4, 6-க்கு. இரண்டாம் கியரில் போகும்போதே மூன்றாவது தயாராகக் காத்திருக்கும். கண் இமைப்பதற்குள் மாற்றம் முடிந்துவிடும். சாலைக் கார்களில் இது முதலில் வந்தது 2003-ல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32-ல். கிளட்சை அழுத்துவதும் கியரை நகர்த்துவதும் எண்ணெய் அழுத்தம். அதற்கு உத்தரவு போடுவது கியர் பாக்ஸோடு ஒட்டிய ஒரு கம்ப்யூட்டர். சென்சார், வால்வு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்த அந்தப் பெட்டிக்கு 'மெக்கட்ரானிக்ஸ்' என்று பெயர். பெயரைப் போலவே விலையும் நீளம்.

என் மைத்துனர் சேலத்தில் வேலை பார்க்கிறார். இப்படி ஒரு காரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். எந்த கம்பெனி என்பது இங்கே வேண்டாம். சமவெளியில் தங்கமான வண்டி. கொல்லிமலை ஏறினால் மட்டும் பத்துப் பதினைந்து வளைவுக்குள் ஒரு குலுக்கல், டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு பல்சக்கரப் படம், பிறகு இழுவை போய்விடும். நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். 'எண்ணெய் அழுத்தம் குறைவு' என்று கோடு வந்தது. மெக்கட்ரானிக்ஸ் பெட்டியையே மாற்ற வேண்டும், இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வண்டிக்கு இன்னும் மூன்று வருடத் தவணை பாக்கி. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்ற முடிவோடுதான், கடைசியாக ஒருமுறை நாமக்கல்லில் காட்டிவிட்டு வருவோம் என்று கிளம்பினோம்.

ஏன் நாமக்கல்? கோட்டை இருக்கிற அந்த ஒற்றைப் பாறையையும், 18 அடி ஆஞ்சநேயரையும், முட்டையையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துப் பார்த்தால் அது ஒரு மாபெரும் பட்டறை என்பது புரியும். இருக்கையும் ஸ்டீயரிங்கும் மட்டும் கொண்ட வெறும் சேஸியை ஓட்டிக்கொண்டு வருவார்கள்; கேபினும் பாடியும் கட்டி, பெயின்ட் அடித்து, கண் திருஷ்டிக் கயிறு கட்டி முழு லாரியாக அனுப்புவார்கள். சமையல் கேஸ் டேங்கர்களுக்குத் தென்னிந்தியாவின் தலைநகரம் இதுதான். மேற்கே சங்ககிரியில் லாரிகள், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகள். லேத், பம்ப் கடை, பட்டை அடிக்கிற கடை, டயர் ரீட்ரெடிங், வயரிங் கடை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும். லோடு ஏற்றிய லாரி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போச்சு. அதனால் 'மாற்றிப் பார்ப்போம்' என்கிற பேச்சு இங்கே எடுபடாது. எதனால் வந்தது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

நாங்கள் போன பட்டறையில் இருந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் கிரீஸ், மேசையில் லேப்டாப். நான் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்ததை அவர் கவனித்துவிட்டார். "பிஎஸ்-6 வந்தப்புறம் இது இல்லாம லாரியத் தொட முடியாதுங்ணா" என்றார். உண்மைதான். 2020 ஏப்ரல் 1-லிருந்து நாடு முழுவதும் பிஎஸ்-6 விதி. புகையைச் சுத்தம் செய்யும் சென்சார் ஒன்று கோளாறானாலும் வண்டியின் கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடும். சத்தம் கேட்டே நோய் சொன்ன தலைமுறை, வேறு வழியில்லாமல் ஸ்கேனர் படித்தது.

அவர் உடனே ஸ்கேனரைச் சொருகவில்லை. முதலில் கேள்விகள்தான். "ஏறும்போது வருதுங்களா, எறங்கும்போதுங்களா?" ஏறும்போது மட்டும். "நின்னுட்டிருக்கும்போது?" இல்லை. "கடைசியா வண்டில யாரு என்ன கை வெச்சாங்க?" மைத்துனர் யோசித்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் பேட்டரி மாற்றியதைச் சொன்னார். "ம்ம்..." என்றதோடு சரி.

அப்புறம்தான் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனர் ஏறியது. அதே கோடு வந்தது. ஆனால் அவர் கோடோடு நிற்கவில்லை. கோளாறு வந்த நொடியில் வண்டி எப்படி இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும்; அதற்கு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பெயர். அந்த நொடியில் என்ஜின் கம்ப்யூட்டருக்கு வந்த மின்சாரம் 14 வோல்ட். கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு வந்தது 9-க்கும் கீழே. ஒரே பேட்டரி, இரண்டு கணக்கு! எண்ணெய் அழுத்தத்தை உண்டாக்குவது அந்த கியர் பாக்ஸில் ஒரு சின்ன மின் மோட்டார். அதற்கு மின்சாரம் போதவில்லை என்றால் அழுத்தம் எங்கிருந்து வரும்?

அடுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த சாக்கெட்டின் 6, 14 பின்களுக்கு நடுவே மல்டிமீட்டர் வைத்தார். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரட்டை வயர் அங்கே வருகிறது. பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய முறை. வயரின் இரு கோடியிலும் 120 ஓம் தடை. பெரும்பாலான வண்டிகளில் சேர்த்து அளந்தால் 60 வர வேண்டும். வந்தது. பேச்சு வழி சரி. சாப்பாட்டு வழியில்தான் பிரச்னை.

அதன் பிறகு அவர் செய்ததை எந்த மேனுவலிலும் பார்க்க முடியாது. பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்து, பையனை ஸ்கேனர் திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு நீளமான மரக்கட்டையைக் கொடுத்து என்ஜினைப் பின்பக்கமாக நெம்பினார். மேட்டில் இழுக்கும்போது என்ஜின் தன் ரப்பர் மவுன்டிங்கில் அப்படித்தான் பின்னால் சாயும். "அண்ணா, எறங்குது... 12... 10... 8 வந்துருச்சுங்ணா!" என்று கத்தினான் பையன். கட்டையை எடுத்தால் திரும்ப 12.

பேட்டரி மாற்றியவர்கள், கியர் பாக்ஸுக்குப் போகும் வயர்க்கட்டைப் பிடித்திருந்த கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. கட்டு வேறு வழியில் விறைப்பாகக் கிடந்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் என்ஜின் அதை இழுத்து இழுத்து, கனெக்டர் பக்கத்தில் மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்து நாலைந்து மட்டும் மிச்சம். இறக்கத்தில் என்ஜின் முன்பக்கம் சாய்வதால் வயர் தளர்ந்து தொட்டுக்கொள்ளும். அதனால்தான் கீழே வரும்போது சமர்த்து.

கோடு பொய் சொல்லவில்லை. எங்கே வலி என்று சொன்னது, அவ்வளவுதான். பெரிய கம்பெனிகளுக்கும் இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன், 7 கியர் டூயல் கிளட்ச் கொண்ட சுமார் 16 லட்சம் வண்டிகளை உலகம் முழுவதும் திரும்ப அழைத்தது. வெக்கையும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று ஓடும் வண்டிகளில், கியர் பாக்ஸின் மின் சப்ளை கோளாறாகலாம் என்பது காரணம். தீர்வு என்ன தெரியுமா? செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றுவது. மின்சாரக் கோளாறுக்கு எண்ணெயில் மருந்து! நம் மைத்துனர் காரிலோ எண்ணெய்க் கோளாறுக்கு மருந்து மின்சாரத்தில் இருந்தது.

மலைக்கு இப்படிப்பட்ட வண்டியில் போகிறவர்களுக்கு அவர் சொல்லி அனுப்பியது இது: விளக்கு எரிந்தால் போனில் போட்டோ எடுங்கள். ஏற்றமா இறக்கமா, எந்த வேகம், எவ்வளவு நேரம் ஓடிய பிறகு என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடை அழித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அழித்தால் தடயம் போச்சு. இன்னொன்று, வளைவில் நிற்க நேர்ந்தால் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி மேட்டில் வண்டியைத் தாங்காதீர்கள், கிளட்ச் சூடாகிவிடும். பிரேக்கை மிதியுங்கள்.

அறுந்த இடத்தை வெட்டிவிட்டு அதே கனத்தில் புது வயர் சேர்த்து, சால்டர் வைத்து, உறை போட்டு, புது கிளிப் மாட்ட ஒன்றரை மணி நேரம். கூலி 1,800 ரூபாய். கூட 200 கொடுத்ததற்குக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். "மேட்டுல ஏத்திப் பாத்துட்டு வந்து பணங் குடுங்க தம்பி" என்று மைத்துனரிடம் சாவியை நீட்டினார்.

செம்மேடு வரை 70 வளைவும் ஏறினோம். விளக்கு எரியவில்லை. மேலே போனதும் மைத்துனர் முதலில் செய்த வேலை, காரை விற்பதற்குப் போட்டிருந்த விளம்பரத்தை போனில் அழித்தது. திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் ஒரு கேஸ் டேங்கர் நின்றது. அவர் அதன் கேபினுக்கு அடியில் இருந்தார். கால் மட்டும் தெரிந்தது. பணத்தைப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.