அரை மில்லி

எங்க பெரியம்மா மகன் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கான். ரெண்டே கதவு. மாடலைச் சொன்னா அப்புத்தளை டவுன்ல பாதிப் பேருக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சிடும், அதனால விட்டுடுவோம். 1993ல ஆரம்பிச்ச தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேஸைச் சின்ன வயசுல பார்த்துப் பிடிச்ச காய்ச்சல் அது. 2024 ஏப்ரல் 21, அதே இடத்துல ஒரு கார் பார்வையாளர்கள் பக்கம் பாய்ஞ்சு 7 பேர் இறந்தாங்க. அன்னைக்கு நாங்க போகல. ஆனா அதுக்கப்புறம் காரைப் பத்திப் பேச்செடுத்தாலே பெரியம்மா முகம் மாறிடும்.

அப்படிப்பட்டவங்கதான் வெல்லவாயக் கல்யாணத்துக்கு முன் சீட்டுல ஏறினாங்க. புறப்படும்போதே ஸ்டியரிங் லேசா ஆடிச்சு. "பேட் புதுசு, போன மாசந்தான் போட்டேன்"னு அண்ணன் சொன்னான். பேட் போட்ட கராஜில டிஸ்க்கையும் அளந்து, "இன்னும் ஓடும்"னு சொல்லி இருந்தாங்க.

எங்க ஊர் சுமார் 1,400 மீற்றர் உயரம். பெரகலைக்கு இறங்கி, கொஸ்லாந்தை வழியா வெல்லவாய போய்ச் சேர்றதுக்குள்ள 1,000 மீற்றருக்கும் மேல கீழ வந்துடுவோம். ஆட்களோட 1,200 கிலோ இருக்கிற ஒரு கார் அவ்வளவு தூரம் இறங்கினா வர்ற சக்தி, 35 லீற்றர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கக் காணும். எஞ்சினும் காத்தும் கொஞ்சம் வாங்கிக்கும். மிச்சம் முழுக்க டிஸ்க்குக்கும் பேட்டுக்குந்தான். அண்ணன் டொப் கியர்லயே இறக்கினான். எஞ்சினுக்கு வேலையே இல்ல.

தியலும நீர்வீழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னால பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சு. அவன் பேசல. ரெண்டாம் கியருக்கு மாத்தி, ஹேண்ட் பிரேக்கை மெதுவா இழுத்து, எப்படியோ ஓரமா நிப்பாட்டினான். கருகின வாடை. நான் தண்ணிப் போத்தலோட சக்கரத்துக்கிட்ட ஓடினேன். பின்னால வந்த லொறிக்காரர் கத்தினார்: "ஊத்தாத தம்பி! டிஸ்க்கு வெடிச்சிரும்!" பெரியம்மா கீழ இறங்கி, சேலையைச் சரி பண்ணிட்டு, ஒண்ணுமே சொல்லாம மதகுல உட்கார்ந்தாங்க. அவங்க திட்டி இருந்தா தேவலன்னு இருந்துச்சு.

மறுவாரம் பண்டாரவளையில வேற ஒரு பாஸ்கிட்டப் போனோம். அவர் மைக்ரோமீற்றரை எடுத்தார். டிஸ்க்கோட ஓரத்துல பேட் படாத ஒரு வரம்பு இருக்கும், அது தேயாது. வேர்னியரை மேலால வச்சா அந்த வரம்பைத்தான் அளக்கும். முதல் கராஜில நடந்தது அதுதான். உள்ள எட்டு இடத்துல அளந்தார். டிஸ்க்குல பொறிச்சிருந்த குறைஞ்ச அளவு 20 மில்லி. எங்களுது ஒரு இடத்துல 19.8, இன்னொரு இடத்துல 19.5. ஸ்டியரிங் ஆடினதும் அந்த வித்தியாசத்தாலதான். போதாததுக்கு நீலம் பாரிச்சு, ஓரம் வரைக்கும் ஒரு வெடிப்பு வேற.

"லேத்துல கொஞ்சம் வெட்டி எடுக்கலாமா?"ன்னு அண்ணன் கேட்டான். அலோய் வீல் வாங்கச் சேர்த்த காசு கையில இருந்துச்சு. 2022ல ரூபா விழுந்ததுக்கப்புறம் பார்ட்ஸ் விலை உங்களுக்கே தெரியும்.

"வெட்டினா இன்னும் மெலியுமே தம்பி. மெலிஞ்ச இரும்பு சூட்டைத் தாங்காது. சூடு ஒயில் வரைக்கும் போய்க் கொதிச்சதாலதானே பெடல் உள்ள போனுச்சு?" பிரேக் ஒயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏற ஏறச் சீக்கிரம் கொதிக்கும்னும் சொன்னார். எங்க ஊர்ப் பனிக்குச் சொல்லவா வேணும்.

எத்தனை ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா டிஸ்க் மாத்தணும்னு இப்போ என்கிட்டப் பலர் கேக்கிறாங்க. அந்தக் கேள்வியே பிழைன்னு நினைக்கிறேன். கொழும்புத் தட்டை ரோட்டுல வருஷக்கணக்கா ஓடுறது இங்க சீக்கிரமே முடிஞ்சிடும். பேட் மாத்தும்போதெல்லாம் உள்பக்கமா அளக்கச் சொல்லுங்க, பொறிச்ச அளவுக்குக் கிட்ட வந்துட்டாலே காசு சேர்க்கத் தொடங்குங்க. வெடிப்பைக் கண்டா அளக்கவே வேணாம்.

அண்ணன் முன்னுக்கு ரெண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேட், புது ஒயில் போட்டான். அலோய் வீல் வரல. பெரியம்மா இன்னும் அந்தக் கார்ல ஏறல, வெல்லவாயக்கு பஸ்லதான் போறாங்க. பழைய டிஸ்க் ஒண்ணை மட்டும் கேட்டு வாங்கிட்டாங்க. அப்புத்தளைக் காத்துக்குக் கதவு அடிக்காம இருக்க அதைத்தான் முட்டுக் குடுத்திருக்காங்க.