வழிகாட்டியும் கங்காணியும்

தொழில் தெரிந்தவன் தொழில் தெரியாதவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? இதிலென்ன கேள்வி, சொல்லிக் கொடுப்பதுதானே முறை என்று வாசகர் உடனே விடை பகர்வர். ஆனால், இன்று நம்மிடம் கற்றுக் கொள்பவன் நாளைக் காலையில் அதே சந்தையில், நமக்கு அடுத்த கடையில், நம்மைவிடக் குறைந்த விலை கூவி நிற்பான் என்றால் அந்த விடை அவ்வளவு விரைவில் நாவிற்கு வருவதில்லை. நமக்கு வரவில்லை. வராததனால் நேர்ந்ததை மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ஈப்போவில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் அமர்ந்து, கணினியின் வாயிலாக, கண்ணால் கண்டிராத வெளிநாட்டாருக்கு மொழிபெயர்ப்பும் புத்தகப் பக்க அமைப்பும் செய்து கொடுத்துப் பிழைத்து வருகிறோம். பட்டணத்தார் இதை ஃப்ரீலான்ஸ் வேலை என்பர். இவ்வேலை கிடைக்குமிடம் இணையத்திலுள்ள தொழிற்சந்தைகள். 1999இல் ஈலான்ஸ் என்ற சந்தை அமெரிக்காவில் தோன்றிற்று. 2003இல் ஓடெஸ்க் தோன்றிற்று. இரண்டும் ஒன்றாக இணைந்து, 2015 முதல் அப்வொர்க் என்று வழங்கி வருகின்றன. 2010இல் பிறந்த ஃபைவர், எவ்வேலையானாலும் ஐந்து டாலர் என்று கூவியே கடை திறந்தது.

தோட்டத்துச் சந்தையை அறிந்தவர்களுக்கு இவற்றை விளக்குவது எளிது. இடத்துக்குரியவர் ஒருவர், கடை விரிப்போர் பலர், விற்ற காசில் ஒரு பங்கு இடத்துக்குரியவருக்கு. ஃபைவரில் அப்பங்கு ஐந்தில் ஒன்று. அப்வொர்க்கிலோ, வேலை கேட்டு விண்ணப்பம் போடுவதற்கே சில்லறை செலவாகும். வேலை வாங்கியவர் போகும்போது நட்சத்திரக் குறி இட்டுச் செல்வார். நட்சத்திரம் நிறைந்த கடைக்கே அடுத்தவரும் வருவர். அப்படியாயின், நட்சத்திரமே இல்லாத புதுக்கடைக்காரன் முதல் வியாபாரத்தை எவ்வாறு செய்வது? புதியவர் யாவரையும் திகைக்க வைக்கும் பூட்டு இதுவே. இப்பூட்டின் திறவுகோல் பழையவர் கையில் இருக்கிறது.

2022ஆம் ஆண்டில் ஒரு நாள், சுங்கை சிப்புட்டுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞர் நம்மைத் தேடி வந்தார். அது நாம் பிறந்த தோட்டம். அங்கே இன்று பால்மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. அவருடைய தாயாரும் நமது தமக்கையாரும் ஒரு காலத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர்கள். “மாமா, நீங்கள் செய்யும் வேலையை நானும் செய்ய விரும்புகிறேன். எப்படித் தொடங்குவதென்று காட்டினால் போதும்” என்றார். மலாயும் தமிழும் ஆங்கிலமும் தெளிவாக எழுதக்கூடியவர். பையில், தாமே பழகிப் பார்த்த பக்க அமைப்புகள் சிலவும் இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்தோம். நன்றாகவே இருந்தன. அதுதான் நமக்குச் சங்கடமாயிற்று.

“தம்பி, நமக்கு எவரும் சொல்லித் தரவில்லை. தட்டுத் தடுமாறித்தான் கற்றோம். நீயும் அவ்வாறே கற்றால்தான் தொழில் நிலைக்கும்” என்று உபதேசம் செய்து, தேநீர் கொடுத்து அனுப்பி விட்டோம். அவரும் கும்பிட்டு விட்டுப் போனார்.

சுமார் ஒன்றரை ஆண்டு கழிந்தது. அத்தோட்டத்தில் ஒரு சாவு. போயிருந்தோம். பந்தலில் காப்பிக் குவளையை நம்மிடம் நீட்டிய அம்மையார் அவ்விளைஞரின் தாயார். “அண்ணே, பையன் உங்களைப் பார்க்க வந்தானே. நல்லபடியாப் பேசி அனுப்பினீங்கன்னு சொன்னான்” என்றார். அதில் குத்தல் இல்லை. மெய்யாகவே நன்றி சொன்னார். குத்தல் இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு நடந்ததையும் அவரே சொன்னார். நம்மிடம் வழி கிடைக்காதவர், வழி காட்டுவதாக டெலிகிராமில் விளம்பரம் செய்த ஒருவரிடம் போனார். அம்மனிதர், நட்சத்திரம் நிறைந்த தயாரான கணக்கு ஒன்றை வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். சேர்க்கைக் கட்டணம் 800 ரிங்கிட். சம்பாத்தியத்தில் பாதி அவருக்கு. தாயாரின் வளையல் அடகுக்கடைக்குப் போயிற்று. இளைஞர் நான்கு மாதம் இரவு பகலாக உழைத்தார். ஒருவர் பெயரிலுள்ள கணக்கில் வேறொருவர் வேலை செய்வது சந்தையின் விதிக்கு விரோதம் என்பது அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஐந்தாம் மாதம் கணக்கு மூடப்பட்டது. உள்ளே இருந்த பணம் உள்ளேயே நின்றது. வாடகைக்கு விட்டவர் மறைந்து போனார். வளையல் தவணை கடந்து ஏலத்திற்குப் போயிற்று. இளைஞர் ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலுக்குப் போகிறார்.

“அவனுக்கு நேரம் சரியில்லை, அண்ணே” என்று சொல்லி விட்டு அந்த அம்மையார் அடுத்தவருக்குக் காப்பி கொடுக்கப் போனார். நேரத்தின் மேல் அவர் போட்ட பழி நம் மேல் விழவேண்டிய பழி என்பதை நாம் மட்டுமே அறிவோம்.

அன்றிரவு வீடு திரும்பும் வழியில் நமது பாட்டனாரின் ஞாபகம் வந்தது. அவர் கங்காணியின் கீழ் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் கங்காணி முறை நிலைத்தது; 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டத்துக்கு ஆளனுப்புவதைத் தடுத்த பின்னரே அது ஓய்ந்தது. கங்காணியும் ஒரு வழிகாட்டிதான். ஊரில் பேசுவார், பயணச் செலவுக்கு முன்பணம் தருவார், துறைமுகத்தில் கை பிடிப்பார், லயத்தில் இடம் காட்டுவார். ஆனால் தமது ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனைக்கும் நாள்தோறும் தலைக்காசு வாங்குவார். காட்டிய வழியின் கூலியை வழியில் நடந்தவன் வாழ்நாளெல்லாம் கட்டிக் கொண்டிருந்தான். டெலிகிராமில் கணக்கை வாடகைக்கு விட்டவர் செய்ததும் இதுவேயன்றி வேறென்ன? தொழிலறிந்த நேர்மையாளர் வாய் திறவாத இடத்தில் கங்காணி வாய் திறக்கிறார்.

நிற்க. சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்பார் கூறும் காரணங்களையும் ஆராய்வது கடமை. அக்காரணங்களை நாமே நம் மனத்தில் அடுக்கி வைத்திருந்தோமாதலால் அவற்றை நன்கு அறிவோம்.

முதலாவது, எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை என்பது. இது பொய். 2012இல் நமது முதல் பெரிய வேலையை வாங்கிக் கொண்ட ஒருவர், வேலை சரியில்லை என்று கூலி தர மறுத்தார். அப்போது பிலிப்பைன்ஸ் நாட்டு அம்மையார் ஒருவர், நம்மை முன்பின் அறியாதவர், எந்தெந்தக் கடிதத்தைச் சாட்சியாக வைத்து எவ்வாறு முறையிட வேண்டும் என்று நீண்ட மடல் எழுதினார். பணம் வந்தது. நன்றி எழுதினோம், பிறகு மறந்தோம். தாமே முளைத்ததாகப் பெருமை பேசுகிற செடிக்கும் யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

இரண்டாவது, போட்டி பெருகி விலை விழும் என்பது. இதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றும் அறியாத புதியவன் ஐந்து டாலருக்கு நான்கு மணி நேர வேலையை ஒப்புக் கொள்கிறான். ஐந்தில் ஒரு பங்கு போக நான்கு டாலர். மணிக்கு ஒரு டாலர். நாளொன்றுக்கு 8 மணி வீதம் மாதம் 26 நாள் உழைத்தாலும் 208 டாலர்தான். அதை ரிங்கிட்டாக மாற்றினால், 2025 முதல் இந்நாட்டில் வழங்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700ஐ எட்டாது. காவற்காரனுக்குச் சட்டம் தரும் கூலியைக்கூட, மூன்று மொழி அறிந்தவன் தனக்குத்தானே மறுத்துக் கொள்கிறான். சந்தையின் விலையை விழச் செய்பவன் இவனே. அவன் நாம் பயிற்றிய போட்டியாளன் அல்லன். நாம் பயிற்றாமல் விட்ட போட்டியாளன். பால்மரம் வெட்டுவதில் கைதேர்ந்தவர், புதிதாய் வந்தவரைத் தம் நிரைக்கு அழைத்து, கத்தியை எவ்வளவு ஆழம் இறக்குவதென்று காட்டுவதை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம். ஆழம் மிகுந்தால் மரத்திலே காயம் விழும். அடுத்த பட்டை நேராக வளராது. கெட்ட மரத்தில் பிறகு எவர் வெட்டினாலும் பாலில்லை.

மூன்றாவது, கற்றவன் நன்றி மறப்பான் என்பது. இது மெய்யாகவும் ஆகலாம். நமக்கும் ஆயிற்று, அதைப் பின்னே சொல்வோம்.

சாவு வீட்டிலிருந்து வந்த அடுத்த வாரமே அவ்விளைஞரைப் போய்ப் பார்த்தோம். மரியாதையாகவே பேசினார். “இப்போது வேண்டாம் மாமா. மாதச் சம்பளம் வருகிறது. தங்கைக்கு ஆசை இருக்கிறது, முடிந்தால் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள்” என்றார். அவருக்கு நாம் செய்திருக்க வேண்டியது நழுவிப் போயிற்று. அதைத் தங்கைக்குச் செய்து ஈடுகட்டி விட்டதாக நாம் எண்ணவில்லை.

அத்தங்கையோடு தொடங்கி இதுவரை நால்வருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நாம் வைத்துக் கொண்ட விதிகள் சில. வாரத்தில் ஒரு மாலை, மூன்று மாதம், அதற்கு மேலில்லை. கட்டணமில்லை, சம்பாத்தியத்தில் பங்குமில்லை. அவர் வேலையை நாம் செய்து கொடுப்பதில்லை. நமது கணக்கில் அவர் வேலை செய்வதுமில்லை. நிலைத்த பின் இன்னொருவருக்குச் சொல்லித் தரவேண்டும் என்பதொன்றே நிபந்தனை.

கற்பிக்கும் பாடமும் பெரிதன்று. வேலை கொடுப்பதற்காக உன்னிடம் பணம் கேட்பவன் வேலை கொடுப்பவன் அல்லன். கூலிப் பணத்தைச் சந்தையிடம் கட்டிய பிறகே வேலையில் கை வை. சந்தைக்கு வெளியே பேசி முடிப்போம் என்று அழைப்பவனோடு போகாதே. வெளியே தகராறு நேர்ந்தால் கேட்பாரில்லை. ஐம்பது பேருக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பாதே. ஐந்து பேர் எழுதியதை முழுதும் படித்து, அவரவர்க்குத் தக்கபடி எழுது. முதல் மூன்று வேலைகள் சிறியனவாக இருக்கட்டும். ஆனால் உன் மணி நேரத்தின் விலையை நீயே கணக்கிட்டு, அதற்குக் கீழே இறங்காதே. முடியாது என்று மரியாதையாகச் சொல்லப் பழகு. கடைசிப் பாடமே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மிகக் கடினமாயிருக்கிறது. பிரட்டுக் களத்தில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, துரையிடம் விலை பேசுவது எளிதில் வருவதில்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா எனில், செய்திருக்கிறது. மலேசியாவில் 2015இல் இ-ரெஸெக்கி என்ற திட்டமும், அதன்பின் குளோ என்ற திட்டமும் இவ்வகை வேலைகளுக்கு மக்களைப் பழக்க எழுந்தன. 2025இல் கிக் தொழிலாளர்க்கென்று நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியது. சிங்கப்பூரில் அவ்வாண்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகை வாகனமோட்டுவோரையும் பொருள் கொண்டு சேர்ப்போரையும் காக்கிறது. யாவும் நல்லனவே. ஆயினும், நள்ளிரவில் வெளிநாட்டான் ஒருவன் வேலையை வாங்கிக் கொண்டு பதில் பேசாதிருக்கும்போது, கலங்கி நிற்கும் பிள்ளைக்கு, ‘பயப்படாதே, முதலில் இதைச் செய்’ என்று சொல்லச் சட்டம் வராது. ஒரு மனிதர் வேண்டும்.

இப்போது அத்தேவை மிகுந்திருக்கிறது. நாம் தொழில் கற்றது ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்ற சில்லறை மொழிபெயர்ப்புகளைச் செய்து. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின், அத்தகைய சில்லறை வேலைகளில் பலவற்றை இயந்திரத்திடம் கொடுத்து விடுகின்றனர். ஏணியின் கீழ்ப்படிகள் உடைந்து போயின. இயந்திரம் செய்ததில் எது தவறு என்று காணும் கண்ணுக்கே இனிக் கூலி. அக்கண் பழையவரிடம் இருக்கிறது. புதியவர் அதைப் பெறப் படியில்லையாதலால், மேலே நிற்பவர் கை கொடுத்தாலொழிய ஏற முடியாது.

நால்வரில் ஒருவர் இரண்டே வாரத்தில் நின்று விட்டார். மற்றொருவர், பல ஆண்டுகளாக நம்மிடம் வேலை தந்து கொண்டிருந்த வாடிக்கைக்காரர் ஒருவரைத் தம் பக்கம் இழுத்துக் கொண்டார். அன்று நமக்கு நெஞ்சு எரிந்தது. இவனுக்கா சொல்லிக் கொடுத்தோம் என்று வீட்டாரிடம் இரைந்தோம். வருமானம் குறைந்ததும் உண்மை. ஆனால் அவர் அவ்வேலையை எடுத்தது குறைந்த விலைக்கன்று. நமது விலைக்கே எடுத்தார். அதைக் கேட்டபின், எரிச்சலின் ஊடே, பாடம் வீண்போகவில்லை என்று ஓர் எண்ணமும் தோன்றிற்று. எரிச்சல் முழுதும் தணிந்து விட்டதாக வாசகரிடம் பொய் சொல்ல மாட்டோம்.

அத்தங்கை இன்று மலாய்ப் படங்களுக்குத் தமிழ் வாசகம் எழுதிக் கொடுக்கிறார். மாதத்தில் சில நாள் மாலையில், அதே தோட்டத்துப் பெண்கள் இருவருக்குச் சொல்லியும் கொடுக்கிறார். தாயாரின் வளையல் திரும்பவில்லை; திரும்பவும் போவதில்லை.

இத்தொழிலில் காலூன்றிய பட்டணத்துச் சகோதர சகோதரிகளே! ஊருக்கெல்லாம் பள்ளி நடத்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒருவர் போதும். தலைக்காசு வேண்டாம். நம்மிடம் ஒருவர் தமது வேலையைப் பையில் கொண்டுவந்து காட்டும்போது, அது நன்றாயிருக்கிறதே என்று நமக்குச் சங்கடமாயிருக்குமானால், அவரே நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியவர். தேநீரோடு திருப்பி அனுப்பாதீர்கள்.